ஆன்லைன் சயின்ஸ் மியூசியம்: பசங்களுக்கு எதைத் தொறந்து காட்டலாம்?

லீவு விட்டதும் பெத்தவங்க கேக்குறதும் டீச்சருங்க கேக்குறதும் ஒரே கேள்விதான். வாஷிங்டன், லண்டன், சான் ஃபிரான்சிஸ்கோன்னு பெரிய பெரிய சயின்ஸ் மியூசியம் எல்லாம் இப்போ நெட்ல ஃப்ரீயா கிடைக்குது, எல்லாத்தையும் பாக்க நேரமும் இல்ல டேட்டாவும் இல்ல, அப்போ எதைக் காட்டலாம்? நான் வாராவாரம் எங்க தெருப் பசங்களை உக்கார வச்சு சயின்ஸ் சொல்லிக் குடுக்குறேன், நாலாவது படிக்கிறவன்ல இருந்து பிளஸ் ஒன் வரைக்கும் கலந்துகட்டி வருவாங்க, கையில இருக்குறது ஒரு லேப்டாப்பும் போன் ஹாட்ஸ்பாட்டும்தான். அதனால இந்த ஒப்பீடு பெரிய ஸ்கிரீன், ஃபைபர் கனெக்‌ஷன் எல்லாம் வச்சிருக்குற ஸ்கூலுக்கு எழுதினது இல்ல, என்னை மாதிரி இருக்குறதை வச்சு சமாளிக்கிறவங்களுக்கு.

முடிவை முதல்லயே சொல்லிடுறேன். வர்ச்சுவல் டூர், அதாவது ஸ்கிரீன்லயே ஹால் ஹாலா நடந்து பாக்குற வசதி, இருக்கா இல்லையான்னு பாத்து மியூசியத்தை முடிவு பண்ணாதீங்க. எல்லாரும் மொதல்ல தேடுறது அதைத்தான், ஆனா ஆன்லைன் மியூசியத்துல ரொம்ப சுமாரான பகுதியும் அதுதான். ஒரு பொருளுக்கு எவ்வளவு கிட்ட நம்மளைப் போக விடுறாங்க, இல்லன்னா வீட்டுல கிடக்குற சாமானை வச்சு நம்மளை என்ன செய்ய வைக்கிறாங்க, இந்த ரெண்டுல ஒண்ணாவது பலமா இருந்தாதான் பசங்க உக்காந்து பாப்பாங்க.

டூர்ல என்ன பிரச்சனைன்னு கேட்டா, வாஷிங்டன்ல இருக்குற ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று மியூசியத்தையே எடுத்துக்குவோம். ஸ்மித்சோனியன்னா ஒரே ஒரு மியூசியம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது 21 மியூசியமும் ஒரு தேசிய உயிரியல் பூங்காவும் சேர்ந்த அமைப்பு, ஜேம்ஸ் ஸ்மித்சன்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி அமெரிக்கா பக்கமே போகாம உயில்ல எழுதி வச்ச சொத்துல 1846ல ஆரம்பிச்சது. அதுல இயற்கை வரலாற்று மியூசியத்தோட டூர் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, அம்புக்குறியைத் தொட்டா அடுத்த ஹாலுக்குப் போகலாம், சுத்திப் பாக்கலாம், ரத்தினக் கல் ஹாலுக்குப் போனா ஹோப் வைரம் இருக்கு, 45.52 காரட், நீல நிறம், நம்ம கோல்கொண்டா பக்கத்து சுரங்கத்துல இருந்து போனது. 1958ல ஹாரி வின்ஸ்டன்கிற நகை வியாபாரி அதை மியூசியத்துக்கு சாதாரண ரிஜிஸ்டர் தபால்லதான் அனுப்பி வச்சார்னு சொன்னா பசங்க வாயைப் பிளப்பாங்க. ஆனா பாருங்க, அந்தக் கதையை டூர் சொல்லாது, நீங்கதான் சொல்லணும். டூர்ல தெரியுறது கண்ணாடிப் பெட்டிக்குள்ள தூரத்துல ஒரு நீலப் புள்ளி, பக்கத்துல படிக்க முடியாத சைஸ்ல ஒரு பலகை. நேர்ல போனா கூட்டம், வெளிச்சம், பெரிய எலும்புக்கூட்டுக்குக் கீழ நிக்கும்போது வர்ற ஒரு மலைப்பு எல்லாம் சேர்ந்து வேலை செய்யும், இங்க அது எதுவும் இல்லாம வெறும் தரையும் சுவரும்தான் நகருது. கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்துட்டு பையன் எழுந்து போயிடுவான், அவனைக் குத்தம் சொல்ல முடியாது.

கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்லயும் இதே கதைதான், 2011ல ஓவியத்துக்காக ஆரம்பிச்சது, அப்புறம் சயின்ஸ் மியூசியங்களும் சேர்ந்துச்சு, லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தோட ஹால்களை ஸ்ட்ரீட் வியூ மாதிரி நடந்து பாக்கலாம். அதுல எனக்கு உண்மையிலேயே பிடிச்சது 2016ல வந்த 360 டிகிரி வீடியோ ரெண்டு. ஒண்ணு லண்டன்ல இருக்குற ரோமலியோசாரஸ்ங்கிற கடல் ஊர்வன, இன்னொண்ணு பெர்லின் மியூசியத்துல 13 மீட்டருக்கு மேல நிமிர்ந்து நிக்குற ஜிராஃபடைட்டன்ங்கிற டைனோசர், எலும்பு மேல தசை வந்து தோல் வந்து அது நம்மளைக் குனிஞ்சு பாக்கும். போனைக் கையில பிடிச்சு மேலயும் கீழயும் திருப்பிப் பாக்குறதால சின்னப் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், யூடியூப்லயே இருக்கு. காட்டும்போது ஒண்ணு சேர்த்துச் சொல்லுங்க, அந்த எலும்பு ஜெர்மனியில கிடைச்சது இல்ல, இப்போ தான்சானியாவுல இருக்குற தெண்டகுருவுல 1909ல இருந்து 1913 வரைக்கும் நூத்துக்கணக்கான ஆப்பிரிக்கத் தொழிலாளிங்க தோண்டி, தலையில சுமந்து கடற்கரை வரைக்கும் கொண்டு போனது, அப்போ அது ஜெர்மன் காலனி. இதைச் சொல்லாம அந்த எலும்புக்கூட்டைக் காட்டுறது பாதிக் கதை மட்டும் சொல்ற மாதிரி.

இப்போ ஸ்மித்சோனியனோட இன்னொரு பக்கத்துக்கு வாங்க, ஏன்னா அதே அமைப்புதான் நான் பாத்ததுலயே சிறந்த ஒரு விஷயத்தையும் வச்சிருக்கு. அவங்க 3டி பகுதி. கம்பளி மாமூத் எலும்புக்கூடு, ரைட் சகோதரர்கள் 1903ல பறந்த விமானம்னு நிறைய இருக்கு, ஆனா நீங்க ஒண்ணே ஒண்ணு தொறக்கப் போறீங்கன்னா அப்போலோ 11 கமாண்ட் மாட்யூலைத் தொறங்க. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூணு பேரும் 1969 ஜூலை 16ல இருந்து 24 வரைக்கும் நிலாவுக்குப் போயிட்டு வந்த கலம், பேர் கொலம்பியா. நேர்ல போனாலும் வெளியில நின்னுதான் பாக்கணும், உள்ள யாரையும் விட மாட்டாங்க. ஆனா 2016ல உள்புறத்தை முழுசா ஸ்கேன் பண்ணிட்டாங்க, அதனால ஸ்கிரீன்ல நீங்க நேரா உள்ள போய் சீட்ல உக்காந்த மாதிரி அந்த சுவிட்ச் எல்லாத்தையும் திரும்பித் திரும்பிப் பாக்கலாம்.

அப்படி ஸ்கேன் பண்ணும்போதுதான் உள்சுவர்ல இருந்த கையெழுத்துக்களும் எல்லாருக்கும் தெரிய வந்துச்சு. ஒரு லாக்கர் மேல குட்டியா ஒரு காலண்டர் கட்டம் வரைஞ்சிருக்கு, ஒவ்வொரு நாளும் முடிய முடிய குறுக்கக் கோடு போட்டு அடிச்சிருக்காங்க, கடைசி நாளை மட்டும் அடிக்கல, அன்னைக்குத்தான் கடல்ல இறங்கினாங்க. இன்னொரு லாக்கர்ல நாத்தம் பிடிச்ச கழிவுன்னு ஒரு எச்சரிக்கை எழுதி வச்சிருக்காங்க. திரும்பி வந்த பிறகு காலின்ஸ் மறுபடியும் உள்ள போய், வரிசையில வந்த கலத்துலயே இதுதான் சிறந்ததுன்னு எழுதி கையெழுத்தும் போட்டிருக்கார். எட்டாவது படிக்கிற பொண்ணுகிட்ட இதைக் குடுத்து, அந்தக் காலண்டரை நீயே தேடிக் கண்டுபிடின்னு விட்டுப் பாருங்க, அவளுக்கு ஆர்பிட்னா என்ன, அவங்க எத்தனை நாள் எங்க இருந்தாங்க, ரெண்டு பேர் நிலாவுல இறங்கினப்போ காலின்ஸ் மட்டும் ஏன் மேல தனியா சுத்திட்டு இருந்தார்னு கேள்வி தானா வரும். நாம பாடம் எடுக்க வேண்டிய அவசியமே வராது.

லண்டன் சயின்ஸ் மியூசியத்துல அப்போலோ 10ஓட கமாண்ட் மாட்யூல் இருக்கு, நிலாவுல இறங்காம ஒத்திகை பாத்துட்டு வந்த பயணம் அது, ஸ்மித்சோனியன்கிட்ட இருந்து கடனா வாங்கி வச்சிருக்காங்க. ஒரே மாதிரி கலம், அடுத்தடுத்த பயணம், ஆனா லண்டன் மியூசியத்தோட தளத்துல பெரும்பாலும் ஒரு பொருளுக்கு போட்டோவும் ஒரு சின்னக் குறிப்பும்தான். கிட்டப் போறதுங்கிற விஷயத்துல வாஷிங்டன் ரொம்ப தூரம் முன்னாடி போயிடுச்சு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா லண்டனை ஒதுக்கிடாதீங்க, அங்க பலம் வேற இடத்துல இருக்கு. சயின்ஸ் மியூசியம் குரூப்னு 5 மியூசியம் சேர்ந்தது, யார்க்ல ரயில்வே, மான்செஸ்டர்ல தொழில், பிராட்ஃபோர்ட்ல சினிமா டிவி போட்டோ, ஷில்டன்ல பழைய ரயில் எஞ்சின், அப்புறம் லண்டன். 4 லட்சத்துக்கு மேல பொருள் ஆன்லைன்ல ஏத்தியிருக்காங்க. மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு ஆர்வம் இருக்குற பசங்களுக்கு இது பெரிய புதையல், சார்லஸ் பாபேஜ் 1840கள்ல வரைஞ்சு வச்சிட்டுப் போன டிஃபரன்ஸ் எஞ்சின் 2ங்கிற கணக்குப் போடுற மெஷினை அவர் பிறந்து 200 வருஷம் ஆனப்போ 1991ல நிஜமாவே செஞ்சு ஓட்டிக் காட்டினது இவங்கதான், வரைபடம் சரியாத்தான் இருந்திருக்குன்னு அப்போதான் உலகத்துக்கே நிரூபணம் ஆச்சு. இன்னொண்ணு, இதுவரைக்கும் யாருமே கிளிக் பண்ணிப் பாக்காத பொருளை மட்டும் எடுத்துக் காட்டுற ஒரு தனிப் பக்கம் வச்சிருக்காங்க, பேரே நெவர் பீன் சீன். நீங்க பாத்ததும் அது அந்த வரிசையில இருந்து போயிடும். ஒரு திருகாணி வரும், ஒரு மருந்து பாட்டில் வரும், எதுக்குன்னே புரியாத ஒரு பித்தளைக் குழாய் வரும். ஆளுக்கு ஒண்ணு எடுத்து இது எதுக்கா இருக்கும்னு யோசிச்சுச் சொல்லுங்கன்னு விட்டா, உலகத்துலயே இதை முதல்ல பாக்குறது நான்தான்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெருமை வருது, அதை நான் வேற எந்தத் தளத்துலயும் பாத்ததில்ல.

சரி, எல்லாத்தையும் விட்டு ஒரே ஒரு தளம் மட்டும்தான்னு என்கிட்ட கேட்டா, பத்து வயசு பன்னெண்டு வயசுப் பசங்களுக்கு நான் மேல சொன்ன எதையும் சொல்ல மாட்டேன். சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்குற எக்ஸ்ப்ளோரடோரியத்தைத்தான் சொல்வேன். 1969ல ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் ஆரம்பிச்சது, அணுகுண்டு ராபர்ட் ஓப்பன்ஹைமரோட தம்பி, அவரும் இயற்பியல்காரர்தான். தொட்டுப் பாக்கலாம், இழுத்துப் பாக்கலாம், தள்ளிப் பாக்கலாம், அப்படித்தான் சயின்ஸ் புரியும்னு ஒரு மியூசியத்தையே அதுக்குன்னு கட்டின மனுஷன். 1993லயே வெப்சைட் போட்டுட்டாங்க, மியூசியங்கள்ல ரொம்ப முந்தி நெட்டுக்கு வந்தது இவங்கதான்னு சொல்லலாம்.

அங்க சயின்ஸ் ஸ்நாக்ஸ்னு ஒரு பகுதி. மியூசியத்துல பெரிசா வச்சிருக்குற காட்சிப் பொருளை வீட்டுல, வகுப்புல செய்யுற மாதிரி சின்னதாக்கி நூத்துக்கணக்குல குடுத்திருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கம் ஒரே மாதிரி இருக்கும்: என்னென்ன சாமான் வேணும், எப்படிப் பொருத்தணும், செஞ்சு பாத்து எதைக் கவனிக்கணும், அதுக்கு அப்புறம்தான் ஏன் அப்படி நடக்குதுன்னு விளக்கம். இந்த வரிசைதான் முக்கியம், நம்ம புத்தகத்துல விளக்கம் முதல்ல வந்துடும், கவனிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.

ஒண்ணு மட்டும் சொல்றேன். பழைய சிடி ஒண்ணு, ஒரு அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் மெல்லிசா ஒரு கீறல், இன்னொரு பக்கம் கண்ணு வைக்க ஒரு ஓட்டை, சிடியைச் சாய்ச்சு உள்ள வச்சா ஸ்பெக்ட்ரோஸ்கோப் ரெடி. சிடியில தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில நெருக்கமா ஓடுது, அதுல பட்டு வர்ற வெளிச்சம் நிறம் நிறமாப் பிரியும். பழைய குண்டு பல்பைப் பாத்தா வானவில் மாதிரி சிவப்புல இருந்து ஊதா வரைக்கும் விடாம ஓடும். சிஎஃப்எல் பல்பைப் பாத்தா நடுநடுவுல இருட்டு, தனித்தனியா பச்சை ஒரு பட்டை, ஆரஞ்சு ஒரு பட்டைன்னு நிக்கும், உள்ள இருக்குற பாதரச ஆவியும் பூச்சும் குறிப்பிட்ட நிறங்களை மட்டும்தான் விடுது. எல்இடியில நீலம் மட்டும் தனியா பளிச்சுன்னு இருக்கும், மத்தது பரவலா வரும். மூணுமே வெறும் கண்ணுக்கு வெள்ளை வெளிச்சம்தான்! சூரியனை நேரா இதுல பாக்கக் கூடாதுன்னு மட்டும் கண்டிப்பாச் சொல்லிடுங்க. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தப்போ குண்டூர்ல ஜான்சன்கிற பிரெஞ்சுக்காரரும், மசூலிப்பட்டினத்துல நம்ம மெட்ராஸ் வானாய்வகத்து போக்சனும் இப்படி ஒளியைப் பிரிச்சுத்தான் சூரியனைப் பாத்தாங்க, ஹீலியம் கண்டுபிடிச்ச கதை அங்கதான் தொடங்குது. ஒரு மாட்டுக் கண்ணை அறுத்து உள்ள லென்ஸ் எங்க, விழித்திரை எங்கன்னு படிப்படியாக் காட்டுற பகுதியும் அங்க உண்டு, பயாலஜி எடுக்கப் போற பிள்ளைகளுக்கு நல்லது, சின்னப் பசங்களுக்கு வேணாம்.

இந்தத் தளத்தோட இன்னொரு சௌகரியம், டேட்டா அவ்வளவா தின்னாது. அந்தப் பக்கத்தை நீங்க ஒரு தடவை படிச்சிட்டு நெட்டை அணைச்சிட்டே வகுப்பு எடுக்கலாம். ஸ்மித்சோனியன் 3டி அப்படி இல்ல, முதல்ல மங்கலா வந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெளிவாகும், பழைய போன்ல திணறும், லேப்டாப் இருந்தா நிம்மதி.

லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்கு வர்றேன், இது வயசுல பெரிய பிள்ளைகளுக்கும் காலேஜ் பசங்களுக்கும். 1881ல தொறந்த கட்டடம், 8 கோடி மாதிரிகள் வச்சிருக்காங்க. சின்னப் பசங்களுக்கு அங்க நீலத் திமிங்கலப் பக்கம் போதும், இயற்கை டாக்குமெண்டரிக்குப் பேர் போன டேவிட் அட்டன்பரோ குரல்லயே கேக்கலாம், 1891ல அயர்லாந்துல வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் கரை ஒதுங்கினது, 25.2 மீட்டர் நீளம், 2017ல இருந்து நடு ஹால்ல தொங்குது. பெரிய பிள்ளைகளுக்கு அவங்க டேட்டா போர்ட்டல். அலமாரிக்குள்ள இருக்குற மாதிரிகளோட பதிவு லட்சக்கணக்குல, எங்க கிடைச்சது, யார் எடுத்தாங்க, எந்த வருஷம்னு தேடலாம். இதுல கதை சொல்லி, பாட்டு போட்டு எல்லாம் கூட்டிட்டுப் போக மாட்டாங்க, ஆனா ஆராய்ச்சி பண்றவங்க பாக்குற அதே பதிவைத்தான் ஒரு பிளஸ் ஒன் பையனும் பாக்குறான், எனக்கு அது பெரிய விஷயமாப் படுது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல ஒரு உண்மையான சம்பந்தம் இருக்கு. 1840கள்ல கே, கன்லிஃப்னு ரெண்டு பேர் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் பொறுக்கின கல்லாகிப் போன உயிரினங்களை லண்டனுக்கு அனுப்பினாங்க, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல அதுக்கெல்லாம் பேர் வச்சு விவரமா எழுதினார், சுருண்ட ஓடு இருக்குற அம்மோனைட், கிளிஞ்சல்னு எல்லாமே டைனோசர் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல்வாழ் உயிர்கள். அந்தக் கற்கள் இன்னைக்கு இந்த மியூசியத்துலதான் இருக்கு. போர்ட்டல்ல தேடும்போது அந்தக் கால ஆங்கில ஸ்பெல்லிங்லயே தேடுங்க, Trichinopoly, Verdachellum, Pondicherry, Madras Presidencyன்னு. எல்லா மாதிரியும் இன்னும் ஏறல, அதனால ஒரு தேடல்ல வரலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. அரியலூர், பெரம்பலூர் பக்கம் இருக்குற டீச்சருங்களுக்கு நான் இதை முதல் சாய்ஸாவே சொல்வேன், ஏன்னா ஸ்கிரீன்ல பாத்த அம்மோனைட்டோட சொந்தக்காரனை அதே வாரம் வாரணவாசி புதைபடிவ மியூசியத்துல நேர்ல பாத்துடலாம், வாஷிங்டனும் சான் ஃபிரான்சிஸ்கோவும் இதை நமக்குக் குடுக்க முடியாது.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடுறேன். நியூயார்க் அமெரிக்கன் இயற்கை வரலாற்று மியூசியத்தோட ஓலஜின்னு (OLogy) பசங்களுக்கான தளம் இருக்கு, கேம், கார்ட்டூன், விஞ்ஞானிங்களோட பேட்டின்னு கலகலன்னு இருக்கும், இங்கிலீஷ் மீடியம் அஞ்சாவது ஆறாவது பசங்க தானாவே ஓட்டிக்குவாங்க. மியூனிக் டாய்ச்சஸ் மியூசியம் 1903ல ஆரம்பிச்சது, 1886 பென்ஸ் காரே அங்கதான் இருக்கு, மெக்கானிக்கல் படிக்கிறவங்க பாக்கலாம், பதிவுகள் நிறைய ஜெர்மன்ல இருக்கும். கம்ப்யூட்டர்னா கலிஃபோர்னியா கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம், அபாகஸ்ல இருந்து ஆரம்பிச்சு இன்டர்நெட் வரைக்கும் ஒழுங்கா கோத்து வச்சிருக்காங்க, டிப்ளமோ பசங்களுக்குக் கூட புரியும். நம்ம மத்திய அரசோட மியூசியம் போர்ட்டல்ல சிலை, ஓவியம், நாணயம்தான் அதிகம், சயின்ஸுக்காக அங்க போகாதீங்க.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு என்ன பண்றதுன்னு கேக்குறாங்க, நியாயமான கேள்வி, மேல சொன்னதுல ஒண்ணுகூட தமிழ்ல இல்ல. பிரவுசர்ல மொழிபெயர்ப்பு பட்டனை அழுத்தினா வர்ற தமிழை வச்சு சயின்ஸ் படிச்சா இருக்குற ஆர்வமும் போயிடும். அதனாலயும்தான் வாசிக்கிற வேலை கம்மியா இருக்குற தளத்தை முன்னாடி வச்சேன். ஸ்பெக்ட்ரோஸ்கோப் செய்யவும் அப்போலோவுக்குள்ள சுத்தவும் இங்கிலீஷ் தேவையே இல்ல, பக்கத்துல ஒரு பெரியவங்க இருந்து தமிழ்ல பேசினா போதும். டேட்டா போர்ட்டல், சயின்ஸ் மியூசியம் குரூப் ரெண்டுக்கும் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கூடவே வேணும்.

கடைசியா படத்தை எடுத்துப் பயன்படுத்துற விஷயம், இதை யாரும் யோசிக்கிறதே இல்ல, அப்புறம் சிக்கல் வருது. 2020 பிப்ரவரியில ஸ்மித்சோனியன் 28 லட்சம் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாம தொறந்து விட்டாங்க, இப்போ அது 50 லட்சத்தைத் தாண்டிடுச்சு, சிசி ஜீரோன்னு (CC0) குறி இருந்தா பாடப்புத்தகத்துல போடலாம், காசு வர்ற யூடியூப் சேனல்ல போடலாம், 3டி பிரிண்ட் போட்டு வித்தாக்கூட கேக்க மாட்டாங்க. சயின்ஸ் மியூசியம் குரூப் படங்களையும் எக்ஸ்ப்ளோரடோரியம் ஸ்நாக்ஸையும் வகுப்புல தாராளமா பயன்படுத்தலாம், பேர் போடணும், வியாபாரத்துக்குப் பெரும்பாலும் அனுமதி இல்ல. கூகுள் ஆர்ட்ஸ்ல பாக்குற படத்துக்கு உரிமை அந்தந்த மியூசியத்துக்குத்தான், ஸ்கிரீன்ஷாட் எடுத்து சேனல்ல போடாதீங்க. ஸ்மித்சோனியன்லயும் எல்லாமே சிசி ஜீரோ கிடையாது, அதனால டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பொருளுக்கும் அந்தக் குறி இருக்கான்னு பாத்துக்கோங்க.